கடலடிச் சேறு காக்கும் கார்பன்: கருங்கடல் சொல்லும் பாடம்

2018 அக்டோபரில் ஒரு மரக்கப்பலின் படங்கள் உலகெங்கும் வெளியாயின. பல்கேரியக் கரைக்கு அப்பால், கருங்கடலில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அது கிடந்தது. நீளம் ஏறத்தாழ 23 மீட்டர். பாய்மரத் தண்டு நின்றபடியே இருந்தது. சுக்கானும், துடுப்பு வலிப்போர் அமரும் பலகைகளும் அப்படியே இருந்தன. கதிரியக்கக் கார்பன் முறையில் வயதைக் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கப்பல் என்று தெரிந்தது.

நம் கடற்கரை ஊர்களில் தோணி கட்டிய அனுபவம் உள்ள எவரும் இதைக் கேட்டால் வியப்பார்கள். கடல்நீரில் கிடக்கும் மரத்தைப் புழு துளைக்கும். சில பத்தாண்டுகளில் சல்லடையாகிவிடும். இந்தக் கப்பலின் மரம் மட்டும் 2,400 ஆண்டுகள் எப்படித் தாங்கியது? இக்கேள்விக்கான பதில் ஒரு கப்பலோடு முடிவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்று, நாம் எரிக்கும் எரிபொருள், சூடேறிவரும் நம் பருவநிலை ஆகிய மூன்றும் அந்தப் பதிலோடு தொடர்புடையவை.

நம்மில் பெரும்பாலோர் வேதியியலைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவர்கள். எனவே சமன்பாடுகள் இல்லாமல், படிப்படியாக இதைப் பார்ப்போம்.

இரண்டு அடுக்குக் கடல்

பெருங்கடலின் ஓரத்தில், கண்டங்களுக்கும் தீவுகளுக்கும் இடையே பாதி அடைபட்டுக் கிடக்கும் கடல்களை விளிம்புக் கடல்கள் என்பார்கள். நமக்கு அருகிலுள்ள அந்தமான் கடல், தென்சீனக் கடல், ஜப்பான் கடல் எல்லாம் இவ்வகையே. இவற்றில் மிகவும் அடைபட்டது கருங்கடல். துருக்கி, பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், ரஷ்யா, ஜார்ஜியா ஆகிய ஆறு நாடுகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. அதன் அதிகபட்ச ஆழம் ஏறத்தாழ 2,200 மீட்டர். வெளியே செல்ல அதற்கு ஒரே வாசல்தான்: இஸ்தான்பூல் நகரின் நடுவே ஓடும் பாஸ்பரஸ் நீரிணை. அந்த வாசல் சில இடங்களில் 700 மீட்டர் அகலமே உள்ளது. அதன் அடித்தளத்தின் மேடான பகுதி 35 மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது.

இந்த நீரிணையில் ஒரு விசித்திரம் உண்டு. மேலே ஓடும் நீர் கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிச் செல்லும். அடியில் ஓடும் நீர் அதற்கு நேரெதிராக உள்ளே வரும். உதுமானியர் காலத்து இஸ்தான்பூல் மீனவர்கள் இதை அறிந்திருந்தார்கள். இத்தாலியரான லூயிஜி மார்சிலி 1679-80 காலத்தில் அங்கு வந்து, அவர்களிடம் கேட்டறிந்து, தாமே அளந்தும் பார்த்து, 1681-இல் நூலாக வெளியிட்டார். உப்புக் குறைந்த நீர் இலேசானது, அதனால் மேலே போகிறது. உப்பு மிகுந்த நீர் கனமானது, அதனால் அடியில் வருகிறது என்பதை ஒரு தொட்டியில் சோதனை செய்தும் காட்டினார்.

டான்யூப், நீப்பர், நீஸ்டர் போன்ற பெரும் ஆறுகள் நன்னீரைக் கருங்கடலின் மேலே கொட்டுகின்றன. மத்தியதரைக் கடலின் உப்புநீர் அடியில் புகுந்து தேங்குகிறது. கனமான நீர் கீழேயும் இலேசான நீர் மேலேயும் இருப்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலடுக்கில் மட்டுமே கரைகிறது. மேலிருந்து விழும் உயிர்ச்சருகுகளை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள், கீழே இருந்த ஆக்சிஜனை எப்போதோ தீர்த்துவிட்டன. 1890-இல் அங்கே ஆய்வுப் பயணம் சென்ற ரஷ்யப் புவியியலாளர் நிகொலாய் அந்துருசோவ், ஆழ்நீரில் அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்திருப்பதைக் கண்டார். கருங்கடல் நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் ஆக்சிஜன் இல்லாத நீர் என்று இன்று நாம் அறிவோம்.

மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவும் மூச்சுவிடும் உயிர்தான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதனால் வாழ முடியாது. கப்பல் தப்பிய கதை இதுதான்.

மேலிருந்து அடிக்கு ஒரு பயணம்

கப்பலின் மரம் என்பது உண்மையில் என்ன? காற்றிலிருந்த கார்பன்தான். மரம் உயிரோடு நின்றபோது கரியமில வாயுவை இழுத்து, சூரிய ஒளியின் துணையோடு அதைத் தன் உடலாக்கிக்கொண்டது. நிலத்தில் மரங்கள் செய்யும் இந்த வேலையைக் கடலில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் செய்கின்றன. உலகக் கடல்களின் பாசிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் கார்பனை உயிர்ப்பொருளாக மாற்றுவதாக அறிவியலாளர்கள் கணக்கிட்டுள்ளனர். நிலத்துத் தாவரங்கள் அனைத்தும் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய நிகரானது இது.

இதன் பெரும்பகுதி மேல்நீரிலேயே தின்னப்பட்டு, மூச்சுக்காற்றாகத் திரும்பிவிடுகிறது. மீந்தது செத்த பாசி, நுண்விலங்குகளின் கழிவு, சளிபோன்ற திரள் என்று மெதுவாகக் கீழே இறங்குகிறது. வெண்ணிறத் துகள்களாய் விழுவதால் இதைக் 'கடல் பனி' என்பார்கள். திறந்த பெருங்கடலில் நான்கு, ஐந்து கிலோமீட்டர் இறங்குவதற்குள் பெரும்பாலானது வழியிலேயே தின்னப்பட்டுவிடும். கண்டங்களின் விளிம்பிலோ ஆழம் குறைவு, ஆறுகள் கொண்டுவரும் மண் அதிகம், பாசி வளமும் அதிகம். அதனால்தான் உலகக் கடலடியில் புதையும் கரிமப் பொருளில் மிகப் பெரும்பகுதி பெருங்கடலின் நடுவில் புதைவதில்லை. கண்ட விளிம்புகளிலேயே புதைகிறது.

சேற்றுக்குள் நடக்கும் பந்தி

அடியை அடைந்ததும் பயணம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். சேற்றுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. இவை உண்பதில் ஒரு வரிசை முறை இருக்கிறது. விருந்து வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம்.

முதல் பந்தியில் அமர்பவை ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரிப்பவை. அதிக ஆற்றல் கிடைப்பது இவற்றுக்கே. ஆக்சிஜன் தீர்ந்த பின் நைட்ரேட்டைப் பயன்படுத்துபவை வரும். அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் துருவைக் கொண்டு மூச்சுவிடுபவை. அதற்கடுத்து, கடல்நீரில் தாராளமாகக் கரைந்திருக்கும் சல்பேட்டைப் பயன்படுத்துபவை. ஹைட்ரஜன் சல்பைடின் வாடை வருவது இவற்றால்தான். சல்பேட்டும் தீர்ந்துவிட்டால் கடைசிப் பந்தி. அதில் அமரும் நுண்ணுயிர்கள் மீந்ததை மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. ஒவ்வொரு பந்திக்கும் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும்; வேலையும் மெதுவாகிக்கொண்டே போகும்.

கருங்கடலின் ஆழத்தில் முதல் பந்தியே கிடையாது. ஆக்சிஜன் இல்லாததால், சேற்றின் மேற்பரப்பிலேயே சல்பேட் நுண்ணுயிர்களின் ஆட்சி தொடங்கிவிடுகிறது. புழு, நண்டு, சிப்பி எதுவும் அங்கே இல்லை. சேற்றைக் கிளறிப் புரட்ட ஆளில்லை. ஆகவே படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏட்டுச் சுவடிபோல் மெல்லிய அடுக்குகளாக அடுக்கப்படுகின்றன.

கடைசிப் பந்தியில் உருவாகும் மீத்தேன் அனைத்தும் மேலே வந்து காற்றில் கலந்தால் என்ன ஆகும்? நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. ஆனால் மேலேறும் மீத்தேனும் கீழிறங்கும் சல்பேட்டும் சந்திக்கும் இடத்தில் வேறொரு கூட்டம் காவலிருக்கிறது. ஆர்க்கியா என்ற பழமையான நுண்ணுயிர்களும் சல்பேட் பாக்டீரியாக்களும் கூட்டுச் சேர்ந்து, ஆக்சிஜன் இல்லாமலேயே அந்த மீத்தேனைத் தின்றுவிடுகின்றன. இந்தக் கூட்டணி 2000-ஆம் ஆண்டில்தான் நுண்ணோக்கியின் கீழ் தெளிவாகக் கண்டறியப்பட்டது. கருங்கடலில், கிரிமியா அருகே ஏறத்தாழ 230 மீட்டர் ஆழத்தில், இவை சுண்ணாம்பைக் கட்டி எழுப்பிய நான்கு மீட்டர் உயரத் தூண்களை 2002-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மீத்தேனைத் தின்று வாழும் உயிர்கள் எழுப்பிய கட்டடங்கள் அவை.

ஆக்சிஜன் இல்லை என்பது மட்டுமே காரணமா?

ஆக்சிஜன் இல்லாவிட்டால் கரிமப் பொருள் முழுவதும் அப்படியே பாதுகாக்கப்படும் என்று முடிவுகட்டத் தோன்றும். கருங்கடலின் சேற்றை ஆராய்ந்தவர்கள் அது அவ்வளவு எளிதல்ல என்று கண்டார்கள்.

ஆழ்கடலில் குழாயை இறக்கி எடுத்த மண்ணுருளைகளில் மூன்று அடுக்குகள் தெரிகின்றன. அடியில் உள்ளது, கருங்கடல் ஒரு நன்னீர் ஏரியாக இருந்த காலத்துக் களிமண். அதில் கரிமக் கார்பன் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், மத்தியதரைக் கடலின் நீர் பாஸ்பரஸ் வழியே உள்ளே புகுந்தது. பின்னர் ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்தது. அதன்மேல் படிந்தது 'சாப்ரோபெல்' எனப்படும் கறுத்த அடுக்கு. அதில் கரிமக் கார்பன் 20 சதவீதம் வரைகூட இருக்கிறது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளாக மேலே படிந்துவருவது, சுண்ணாம்பு ஓடுள்ள பாசிகளின் வெள்ளை அடுக்குகள் கலந்த சேறு. இதில் 5 சதவீத அளவே உள்ளது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடு அடுக்கும் மேல் அடுக்கும் ஆக்சிஜன் இல்லாத நீரின் கீழேதான் படிந்தன. அப்படியிருந்தும் இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு! மேலே எவ்வளவு பாசி வளர்ந்தது, சுண்ணாம்பும் களிமண்ணும் எவ்வளவு கலந்து அதன் விகிதத்தைக் குறைத்தன என்பவையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆக்சிஜன் இன்மை முக்கியமா, பாசி வளம் முக்கியமா என்று கடல் அறிவியலாளர்கள் நீண்ட காலம் வாதிட்டதற்கு இதுவே காரணம்.

மண்ணின் தன்மைக்கும் பங்குண்டு. கரிமத் துகள்கள் களிமண்ணின் நுண்பரப்பில் ஒட்டிக்கொண்டால் நுண்ணுயிர்களின் நொதிகள் அவற்றை எளிதில் எட்ட முடியாது. இரும்பும் அவ்வாறே பிடித்துவைக்கிறது. கடலடிப் படிவுகளிலுள்ள கரிமக் கார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரும்போடு பிணைந்திருப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொரு காரணம் வேகம். இதற்குச் சான்று நம் வாசலிலேயே இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண்ணைக் கீழே கொண்டுவருகின்றன. வங்காள விரிகுடாவின் அடியில் அது விசிறிபோல் பரந்து, இலங்கைக்குக் கிழக்கே கடந்து, நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே செல்கிறது. நீளம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். அங்கே ஆழ்நீரில் ஆக்சிஜன் உண்டு. ஆயினும் ஆறு கொண்டுவந்த கரிமப் பொருளில் பெரும்பகுதி தப்பிவிடுகிறது என்று 2007-இல் வெளியான ஆய்வு கூறியது. ஏனெனில் தின்ன வருமுன்னே அடுத்த மண்சரிவு வந்து மூடிவிடுகிறது. 2015-இல் துளையிட்டு எடுத்த மண்ணுருளைகளில் மரத்துண்டுகளே கிடைத்தன. கடந்த 1 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளாக அங்கே மரம் புதைந்து வந்திருக்கிறது என்று 2019-இல் அறிவித்தார்கள். கருங்கடலில் கப்பல் மரத்தைக் காத்தது ஆக்சிஜன் இன்மை. வங்கக் கடலில் காட்டு மரத்தைக் காத்தது மண்ணின் வேகம்.

நம் மூச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரு பாசி வளரும்போது கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. அது அழுகும்போது அதே அளவு ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவைத் திருப்பித் தருகிறது. வரவும் செலவும் சரியாகிவிட்டால் காற்றில் ஆக்சிஜன் மிஞ்சாது. அழுகாமல் ஒரு சிறு பங்கு மண்ணுக்குள் போனால் மட்டுமே, அதற்கு ஈடான ஆக்சிஜன் காற்றில் தங்கும். நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதற்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலடியில் புதைந்த கார்பன் முக்கியக் காரணம்.

ஆகவே கடலடிச் சேற்றை வெறும் குப்பைக்கிடங்கு என்று நாம் எண்ணலாகாது. நம் மூச்சுக்கு ஈடாக வைக்கப்பட்ட அமானிதம் என்று சொன்னாலும் தகும்.

வரவும் செலவும்

இப்போது கணக்குக்கு வருவோம். கடல் பாசிகள் ஆண்டுக்குப் பிடிக்கும் கார்பன் ஏறத்தாழ 5,000 கோடி டன் என்று பார்த்தோம். கடலடியில் நிலையாகப் புதைவது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி டன் அளவே. அதாவது நூற்றில் அரைப் பங்கைவிடவும் குறைவு. மற்றதெல்லாம் சுழன்று திரும்பிவிடுகிறது.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்று மனிதர்கள் எரித்து வெளியேற்றும் கார்பன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன். உலகக் கடல்கள் அனைத்தும் 50 ஆண்டுகள் சேர்ந்து புதைப்பதை நாம் ஒரே ஆண்டில் எரித்துவிடுகிறோம். எரிப்பது எதை? முற்காலக் கடலடிகளிலும் சதுப்புகளிலும் இதே முறையில் புதைந்த அதே கார்பனை.

கருங்கடலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்டில் துருக்கி அங்கே சகாரியா எரிவாயு வயலைக் கண்டுபிடித்தது. 2023 ஏப்ரலில் அந்த வாயு ஃபிலியோஸ் கரைக்கு வந்து சேர்ந்தது. எரிபொருளுக்கு அயல்நாடுகளை நம்பியிருந்த நாட்டுக்கு இது பெரும் ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழியில்லாத குடும்பத்திடம் போய் புவியியல் காலத்தைப் பேசவும் முடியாது. ஆனால் அந்த வாயுவும் ஒரு காலத்தில் உயிராய் இருந்து, சேறாய்ப் புதைந்த கார்பன். அது எரிந்தபின் அதே இடத்துக்குத் திரும்பிப் போக எவ்வளவு காலம் ஆகும்? கருங்கடலின் ஆழத்தில் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் சேறே படிகிறது. 2,700 ஆண்டுகளில் படிந்த மேல் அடுக்கின் தடிப்பு வெறும் 30 செண்டிமீட்டர்.

"எவ்வளவு புகை போனாலும் கடல் இழுத்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்வதுண்டு. நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் பெரும்பகுதி நீரில் கரைந்துதான் நிற்கிறது, மண்ணுக்குள் போய்விடவில்லை. கரைந்து நிற்கும் அந்த வாயு கடல்நீரின் அமிலத்தன்மையைக் கூட்டி, சிப்பிகளையும் பவளப் பாறைகளையும் வாட்டுகிறது. கடலில் கரைத்த பெருங்காயம் என்பது நம் பழமொழி. கடலில் கரைத்தது காணாமல் போவதில்லை என்பதையே இந்த அறிவியல் சொல்கிறது.

மெலிந்துவரும் மேலடுக்கு

ஆக்சிஜன் இல்லாத கடல் கார்பனைக் காக்கிறது என்றால், எல்லாக் கடலும் அப்படி ஆகிவிட்டால் நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். கருங்கடல் மீனவர்களைக் கேட்டால் பதில் கிடைக்கும்.

அங்கே மீன்கள் அனைத்தும் வாழ்வது மெல்லிய மேலடுக்கில்தான். 'ஹம்சி' என்று துருக்கியர் அழைக்கும் நெத்திலி, அக்கரை மக்களின் அன்றாட உணவு. 1970-கள், 80-களில் டான்யூப் முதலிய ஆறுகள் வயல்களின் உரத்தையும் நகரங்களின் கழிவையும் அள்ளிவந்தன. பாசி அளவுக்கு மீறிப் பெருகியது. அது செத்து விழுந்து அழுகியதில், கடலின் வடமேற்கே ஆழம் குறைந்த பகுதியின் அடிநீரிலும் ஆக்சிஜன் தீர்ந்து, சிப்பிகளும் மீன்களும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. கப்பல்களின் நிறைநீரோடு வந்த அயல் சீப்பு ஜெல்லி ஒன்றும் பெருகியது. அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, 80-களின் இறுதியில் நெத்திலி வரத்து பேரளவில் சரிந்தது. 90-களில் சோவியத் ஒன்றியம் கலைந்து, உரப் பயன்பாடு குறைந்தபின் அந்தப் பகுதி ஓரளவு தேறியது.

ஆனால் கடல் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை தேறிவிடவில்லை. 1955-இல் சராசரியாக 140 மீட்டர் ஆழம் வரை எட்டிய ஆக்சிஜன், 2015 வாக்கில் 90 மீட்டர் வரையே எட்டியது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அந்த 60 ஆண்டுகளில் கருங்கடல் தன் ஆக்சிஜன் இருப்பில் 44 சதவீதத்தை இழந்தது. முதலில் காரணம் உரமும் கழிவும். பின்னர் குளிர்காலங்கள் வெதுவெதுப்பானதால், ஆக்சிஜனைக் கீழே கொண்டுசெல்லும் குளிர்நீர் உருவாவது குறைந்தது. மூச்சுவிடும் உயிர்களின் வீடு சுருங்கிவருகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்தக் கதையிலிருந்து மூன்று செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஒன்று, கடலடியில் கார்பன் புதைவது உண்மை. ஆனால் அது நம் அவசரத்துக்கு ஓடிவரும் வேலையாள் அல்ல. நூற்றாண்டுக்கு ஒரு செண்டிமீட்டர் என்ற கணக்கில் சேமிப்பது. அதை நம்பிக்கொண்டு எரிப்பதை எரித்துக்கொண்டே இருக்க முடியாது.

இரண்டு, ஏற்கெனவே புதைந்து கிடப்பதைக் கிளறாமல் விடுவது, புதிதாகப் புதைப்பதைவிட எளிது. இயற்கை இலட்சக்கணக்கான ஆண்டுகளில் பூட்டிவைத்ததைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், இது உண்மையில் தேவைதானா என்று கேட்கும் பொறுப்பு அரசுகளுக்கும் உண்டு, வீட்டில் விளக்கையும் வண்டியையும் இயக்கும் நமக்கும் உண்டு.

மூன்று, ஆற்றில் விடுவது ஆற்றோடு போவதில்லை. டான்யூப் கரையின் வயலில் இட்ட உரம் கருங்கடல் மீனவனின் வலையைக் காலியாக்கியது. நம் ஊர் ஓடையில் விடும் சாக்கடையும் ஏதோ ஒரு கடலின் ஆக்சிஜனைத்தான் தின்னப்போகிறது. உரத்தைக் குறைத்தபோது கடல் ஓரளவு தேறியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம். கெடுத்தது மனிதக் கை என்றால், தேற விட்டதும் அந்தக் கை ஓய்ந்ததுதான்.